என்டெவர் மாடல்: சேர்த்தது கொஞ்சம், பிடுங்கினது நிறைய

முதல்லயே சொல்லிடுறேன், இது நான் ஆரம்பிச்ச கப்பல் இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தர் ஆசை ஆசையா கிட் வாங்கி, உடம்புக்கு பலகை ஒட்டி, டெக் போட்டு, அடியில இடது பக்கம் மட்டும் பாதி வரைக்கும் செப்பு ஓடு ஒட்டி, அதோட பொறுமை போய், "நீயே முடிச்சுக்கோடா, என் கண்ணுல காட்டாத"ன்னு பெட்டியோட தூக்கி குடுத்துட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்பயணி கேப்டன் குக் உலகத்தை சுத்திப் போன என்டெவர், 1:60 ஸ்கேல். முடிக்க எனக்கு பதினாலு மாசம் ஆச்சு, அதுல கிட்டத்தட்ட அஞ்சு மாசம் ஏற்கனவே ஒட்டினதை கழட்டுறதுக்கே போச்சு.

ஆரம்பத்துல என் பிளான் வேற. கப்பல் வரலாற்றுப்படி சரியா இருக்கணும்னா நிறைய சேர்க்கணும்னு நினைச்சேன், குட்டி வாளி, குட்டி மணி, சுருட்டி வச்ச கயிறு, பித்தளை சாமான், இப்படி ஒரு லிஸ்ட் போட்டு வாங்க கிளம்பினேன். அக்கா பையன் லிஸ்டை பாத்துட்டு கேட்டான்: "மாமா, இதெல்லாம் அந்த கப்பல்ல இருந்துச்சா?" "இருந்திருக்கும்டா." "எப்ப?" அந்த 'எப்ப'வுக்கு என்கிட்ட பதில் இல்ல. மொத்த வேலையும் அந்த ஒரு கேள்வியால திசை மாறிடுச்சு.

ஏன்னா ஒரு கப்பல்ங்கிறது ஒரே கப்பல் கிடையாது. இது 1764-ல இங்கிலாந்துல விட்பியில நிலக்கரி ஏத்துறதுக்காக கட்டினது, அப்ப பேரு ஏர்ல் ஆஃப் பெம்புரோக். 1768-ல கடற்படை சுமார் 2,840 பவுண்டுக்கு வாங்கி, டெப்ட்ஃபர்ட் கப்பல் பட்டறையில வச்சு உள்ள கூடுதல் தளம், கேபின் எல்லாம் போட்டு, என்டெவர்னு பேர் மாத்துச்சு. 1770 ஜூன் 11 ராத்திரி ஆஸ்திரேலியா பவளத்திட்டுல ஏறி மாட்டினப்ப எடை குறைக்க ஆறு பீரங்கியை கடல்ல தள்ளிட்டாங்க. அப்புறம் லார்ட் சாண்ட்விச்னு இன்னொரு பேர், கடைசியா 1778-ல அமெரிக்காவுல நியூபோர்ட் துறைமுகத்துக்கு வெளியில வேணும்னே மூழ்கடிச்சாங்க. இதுல எந்த வருஷத்து கப்பலை செய்யப்போறோம்னு முடிவு பண்ணாம பத்து பீரங்கி வைக்கிறதா நாலு வைக்கிறதான்னு கூட சொல்ல முடியாது.

நான் எடுத்துக்கிட்டது 1768 ஆகஸ்ட் நடுவுல உள்ள நாட்கள். 14-ம் தேதி பிளைமவுத் வந்து சேந்து 26 வரைக்கும் சாமான் ஏத்திக்கிட்டு, காத்துக்கு காத்திருந்தாங்க. எனக்கு அது ரொம்ப வசதி. கப்பல் நங்கூரத்துல நிக்குது, பாய் சுருட்டியிருக்கு, பீரங்கி முழுசா இருக்கு, உடம்பு புதுசா பூசினது, ஆளுங்க 94 பேர். எந்த டீடெய்ல் வந்தாலும் 'அந்த ரெண்டு வாரத்துல இது இருந்துச்சா'ன்னு கேட்டா போதும்.

முதல் பலி செப்பு.

மாடல் கப்பல் அடியில செப்பு மின்னினா அழகுதான், மறுக்கல, ஆனா என்டெவருக்கு செப்பு கிடையாது. பிரிட்டிஷ் கடற்படை 1761-ல அலார்ம்ங்கிற கப்பல்ல செப்பு தகடு அடிச்சு சோதனை பண்ணிச்சு, மரத்தை துளைக்கிற கப்பல் புழு ஏறாம நல்லாவே தடுத்துச்சு, ஆனா செப்பை தொட்டுக்கிட்டு இருந்த இரும்பு ஆணியெல்லாம் உப்புத்தண்ணியில அரிச்சு போச்சு. படை முழுக்க செப்பு வந்தது 1779-க்கு அப்புறம்தான். அதுவும் இல்லாம தூர தேசத்துல கரை ஏத்தி ரிப்பேர் பாக்க வேண்டிய கப்பலுக்கு செப்பு ஒரு தலைவலி, கிழிஞ்சா அங்க எங்க போய் தகடு தேடுறது? என்டெவருக்கு பண்ணது பழைய முறை. நிஜ பலகைக்கு மேல மெல்லிசா இன்னொரு பலகைத் தோல், நடுவுல தாரும் விலங்கு ரோமமும். புழு மேல் தோலை தின்னுட்டு போகட்டும், உள்ள வராதுன்னு கணக்கு. அதுக்கு மேல வெள்ளைப் பூச்சு, திமிங்கல எண்ணெய், குங்கிலியம், கந்தகம் மூணையும் காய்ச்சினது.

ஃப்ரெண்டு செப்பு ஓட்டை சூப்பர் குளூ போட்டு ஒட்டியிருந்தார். அசிட்டோன் தொட்டு, ஹேர் டிரையர்ல சூடு காட்டி, மழுங்கின பிளேடால ஒவ்வொண்ணா நெம்பி எடுத்தேன், ஒரு நாளைக்கு முப்பது நாப்பது ஓடு, அதுக்கு மேல எடுத்தா கை நடுங்கி மரத்தை கிழிக்குது. கிழிஞ்சும் போச்சு பல இடத்துல. ஆனா மேல ரெண்டாவது தோல் வரப்போகுதே, 0.4 மி.மீ. மர சீவலை தண்ணிக்கோடு வரைக்கும் ஒட்டினதும் எல்லா பாவமும் மறைஞ்சு போச்சு. 0.4ன்னா நிஜத்துல ரெண்டரை செ.மீ. பக்கம் வருது. அந்த மெல்லிசான படி ஒண்ணு தண்ணிக்கோட்டுக்கு பக்கத்துல தெரியும், தடவிப் பாத்தா விரல்ல தட்டும்.

பூச்சுக்கு சுத்த வெள்ளை அடிச்சா பாத்ரூம் சாமான் மாதிரி இருக்கு. கந்தகமும் எண்ணெயும் சேந்தா வெள்ளை எங்கேர்ந்து வரும், க்ரீம் கலர்தான் வரும். வெள்ளையில கொஞ்சம் காவி மஞ்சள், ஒரு துளி சாம்பல், பளபளப்பே இல்லாத மேட். ஏழு சாம்பிள் அட்டை அடிச்சு பாத்து அஞ்சாவதை எடுத்தேன். பாசி, கறை எதுவும் போடல, ஏன்னா என் தேதிக்கு கப்பல் இப்பதான் பட்டறையிலேர்ந்து வந்திருக்கு.

அடுத்து டெக். இங்க ஒரு சோதனை கண்டுபிடிச்சேன், அதை அப்புறம் எல்லாத்துக்கும் வச்சுக்கிட்டேன். 1:60 மாடலை ஒரு மீட்டர் தள்ளி நின்னு பாக்குறது, நிஜ கப்பலை 60 மீட்டர் தள்ளி நின்னு பாக்குற மாதிரி. 60 மீட்டர்லேர்ந்து ஒரு பலகையில அடிச்ச மர ஆணியோட தலை தெரியுமா? தெரியவே தெரியாது. ஆனா இந்த டெக்குல பித்தளை ஆணி, தலை 1 மி.மீ., அதாவது நிஜத்துல ஆறு செ.மீ. அகலத்துக்கு தங்க வட்டம், வரிசை வரிசையா. டெக் இல்ல அது, சோபா. நானூறுக்கு மேல ஆணி பிடுங்கினேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி புகாம அடைக்கிற கலப்பத்து கோடு தெரியணும்னு கருப்பு நூல் வேற வச்சிருந்தார், அரை மி.மீ. நூல் நிஜத்துல மூணு செ.மீ. இடைவெளி, அவ்வளவு இடைவெளி இருந்தா கப்பல் ஒழுகியே செத்திருக்கும். நிஜ கலப்பத்து கோடு கால் அங்குலம்னு வச்சாலும் நம்ம ஸ்கேல்ல 0.1 மி.மீ.தான் வருது, அதுக்கு பலகை ஓரத்துல மெதுவா பென்சில் தேச்சாலே போதும்.

பலகை அகலமும் தப்பு. கிட் பலகை 6 மி.மீ., நிஜத்துல 36 செ.மீ. நான் 4 மி.மீ.க்கு வெட்டி, நூறு நூத்திப்பத்து மி.மீ. நீளத்துக்கு துண்டு போட்டு, அதாவது ஆறு ஆறரை மீட்டர் பலகை, ஒரு வரிசையில முனையும் முனையும் சேர்ற இடம் பக்கத்து வரிசையில வராம தள்ளித் தள்ளி, பழைய டெக் மேலயே மெல்லிசா ஒட்டிட்டேன். பழசை உரிச்சா உடம்பே ஆடிடும்னு பயம். மர ஆணி? சில இடத்துல 0.4 மி.மீ. துளை போட்டு அதே மரத்தூளை பசையில கலந்து அடைச்சேன், கிட்ட வந்து வெளிச்சத்தை சாய்ச்சு பிடிச்சாதான் தெரியும். அக்கா பையன் கேட்டான், "தெரியாததுக்கு ஏன் மாமா இவ்ளோ வேலை?" நியாயம்தான், பாதியில நிறுத்திட்டேன், முன் டெக்குல மட்டும் இருக்கு.

கொடி அஞ்சு நிமிஷ வேலை, ஆனா இந்த தப்பை எத்தனை மாடல்ல பாத்திருக்கேன் தெரியுமா. பிரிட்டனோட யூனியன் கொடியில இருக்குற சிவப்பு சாய்வுக் கோடு அயர்லாந்துக்காக 1801-ல சேர்த்தது. 1768 கப்பல்ல இங்கிலாந்தோட சிவப்பு கூட்டல் குறியும் ஸ்காட்லாந்தோட வெள்ளை பெருக்கல் குறியும் மட்டும்தான் இருக்கணும். கிட்ல வந்தது இன்னிக்கு இருக்குற கொடி. தூக்கி போட்டேன். பீரங்கியும் அப்படித்தான், கிட்ல கடைஞ்ச பித்தளை, தங்கமா மின்னுது. கடல்ல தள்ளின ஆறும் 1969-ல கிடைச்சிடுச்சு, இரும்பு பீரங்கி, மியூசியத்துல இருக்கு. பித்தளையை ரசாயனத்துல போட்டு கருப்பாக்கினேன், பத்து சக்கர பீரங்கி, பன்னண்டு சுழல் பீரங்கி, முடிஞ்சது. முன்னாடி பொம்மை எங்கன்னு பாக்குறவங்க எல்லாரும் கேக்குறாங்க. இது நிலக்கரி கப்பல் சார், அணியம், அதாவது கப்பலோட முன்முனை, மொட்டையா கொழுகொழுன்னுதான் இருக்கும், சிலை கிலை கிடையாது.

இப்ப கயிறு. நான் மானம் போன இடம் இது.

நங்கூரத்துக்கு கிட் ஒரு பித்தளை சங்கிலி குடுத்திருந்துச்சு. கப்பல்ல இரும்பு சங்கிலி பரவலா வந்தது 1800-க்கு அப்புறம், அதுக்கு முன்னாடி சணல் வடம்தான். என் கப்பல் நங்கூரத்துல நிக்குதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், அதனால அந்த வடம்தான் மொத்த மாடல்லயும் கண்ணுல அடிக்கப்போற கயிறு. எவ்வளவு தடிமன்? பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, கப்பலோட அகலத்துல ஒரு அடிக்கு அரை அங்குலம். என்டெவர் அகலம் 29 அடி 2 அங்குலம், அப்ப வடம் பதினாலரை அங்குலம். அறுபதால வகுத்தேன், 6 மி.மீ. வந்துச்சு. சரின்னு ராத்திரி உக்காந்து 6 மி.மீ. கயிறு திரிச்சு எடுத்துட்டு வந்தா அணியத்துல வடம் வெளிய வர்ற ஓட்டை 3 மி.மீ.தான் இருக்கு. அப்பக்கூட மண்டையில உறைக்கல, கிட்காரன் தப்பா செஞ்சிருக்கான், ஓட்டையை பெரிசு பண்ணிடலாம்னு ட்ரில்லை கையில எடுத்துட்டேன்.

"மாமா, பெரிசு பண்ணினா அந்த ஓட்டை நிஜத்துல எவ்ளோ வரும்?"

"36 செ.மீ. வரும்டா."

"அதுக்குள்ள நானே போயிடுவேனே."

ட்ரில்லை கீழ வச்சேன். அந்தக் காலத்துல கயிறை சுத்தளவுலதான் சொல்லுவாங்க, குறுக்களவுல இல்ல. பதினாலரை அங்குலம்ங்கிறது சுத்தி வர்ற அளவு, அதை 3.14-ஆல வகுத்தா குறுக்க 4.6 அங்குலம், 117 மி.மீ., நம்ம ஸ்கேல்ல 2 மி.மீ.க்கு ஒரு துளி கம்மி. ஓட்டை சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் மலைப்பாம்பு திரிச்சிருக்கேன். பழைய ரிக்கிங் பட்டியல், அதாவது கப்பல் கயிறு பட்டியல், எதை எடுத்தாலும் இந்த பொறி இருக்கு, மூணு அங்குல கயிறுன்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட ஒரு அங்குல தடிமன்னு அர்த்தம்.

அதோட முடியல. நங்கூர வடம் சாதா கயிறு மாதிரி மூணு இழை இல்ல, மூணு கயிறை சேர்த்து திரும்ப முறுக்கினது, மொத்தம் ஒன்பது இழை, அதுவும் முறுக்கு இடது பக்கம். சாதா கயிறை நிமிர்த்தி பிடிச்சா இழை கீழ இடப்பக்கத்துலேர்ந்து மேல வலப்பக்கமா ஏறும், வடத்துல உல்டாவா ஏறும். என்கிட்ட இருந்த தையல் நூல் முழுக்க வலது முறுக்கு, அதை மூணா சேர்த்து திரிச்சா கயிறு இடதா வருது, அந்த கயிறு மூணை சேர்த்தா வடம் வலதா வருது, அதாவது எல்லாம் தலைகீழ். எதிர்ப்பக்கமா பலவந்தமா முறுக்கினா நூலே பிரிஞ்சு பஞ்சா போகுது. கடைசியில இடது முறுக்கு உள்ள பருத்தி நூலா தேடிப் பிடிச்சு, 0.4 மி.மீ. நூல் ஒன்பது எடுத்து, ஒரு பக்கம் கொக்கி மூணு, இன்னொரு பக்கம் ட்ரில், முதல்ல மூணு கயிறு வலது, அப்புறம் மூணும் சேர்ந்து இடது. திரிச்சு முடிச்சதும் விட்டுடக்கூடாது, ஒரு ராத்திரி வெயிட் கட்டி தொங்க விடணும், இல்லன்னா பூனைக்குட்டி மாதிரி சுருண்டுக்கும். முதல் மூணு முயற்சி சுருண்டுச்சு. நாலாவது வந்தப்ப, இழை இழையா அந்த சாய்வு விளக்கு வெளிச்சத்துல ஏறி இறங்குறதை பாத்துக்கிட்டே ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன், வேற ஒரு வேலையும் ஓடல. வடத்தை சுத்தி இழுக்குற விண்ட்லாஸ் உருளையில மூணு சுத்து சுத்தி, ஓட்டை வழியா வெளிய எடுத்து, சாய்வா ஸ்டாண்ட் பலகைக்குள்ள இறக்கிட்டேன். இன்னொரு நங்கூரம் பக்கவாட்டுல தொங்குது, அதோட வளையத்துக்கு மட்டும் சின்ன கயிறு நெருக்கமா சுத்தியிருக்கு, வளையத்து இரும்பு வடத்தை அறுக்காம இருக்க நிஜத்துலயும் அப்படி சுத்துவாங்க.

மத்த கயிறுல கிட் குடுத்தது ரெண்டே கலர், ஜெட் கருப்பும் பளிச் மஞ்சளும். நிலையா நிக்குற கயிறு, பாய்மரத்தை பிடிச்சு நிறுத்துறது, பைன் மரத்து தார்ல ஊறினது. அது கருப்பு இல்ல, கருப்பை ஒட்டின அடர் பழுப்பு. இழுத்து விடுற கயிறு சணல் நிறம், கொஞ்சம் மங்கல். ரெண்டையும் சாயம் போட்டு மாத்தினதுக்கே கப்பல் பொம்மை முகத்தை விட்டுடுச்சு. பாய்மரத்தை பக்கவாட்டுல இழுத்துப் பிடிக்கிற கயிறு பேரு ஷ்ரவுடு, அதுல குறுக்க கட்டுற படிக்கயிறு, கிட் வரைபடத்துல 9 மி.மீ. இடைவெளி. நிஜத்துல 54 செ.மீ., மாலுமி ஒவ்வொரு படிக்கும் எகிறித்தான் ஏறணும். 13-லேர்ந்து 15 அங்குலம்தான் வழக்கம், அதனால 6 மி.மீ.ன்னு வச்சு ஒவ்வொரு குறுக்கலயும் முடிச்சு போட்டேன். எத்தனை முடிச்சுன்னு எண்ணல, எண்ணியிருந்தா விட்டிருப்பேன்.

ஓரம் பூரா வரிசையா பித்தளை பின் நட்டு அதுல கயிறு சுத்தச் சொல்லுது கிட். பின் அந்தக் காலத்துலயும் உண்டு, ஆனா பிற்கால கப்பல் மாதிரி சுவர் முழுக்க கிடையாது. நிறைய கயிறு ஷ்ரவுடுல கட்டின மரக்கொம்புலயும், பக்கச்சுவருக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குற மரத்தலையிலயும்தான் கட்டினாங்க. முக்கால்வாசி பின்னை பிடுங்கிட்டேன், மிச்சத்தை மரத்துல செஞ்சேன்.

பாய் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. மிஷின்ல தைச்ச துணி குடுத்திருந்தாங்க, ஒரு தையல் 2 மி.மீ., நிஜத்துல 12 செ.மீ. நான் பருமல்ல, அதாவது பாய் தொங்குற குறுக்குக் கட்டையில, சுருட்டித்தான் வைக்கப்போறேன், அதனால மெல்லிசு டிஷ்யூ பேப்பர்ல, முழு உயரம் வெட்டினா உருட்டு தலகாணி மாதிரி உப்பிடும்னு மூணுல ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் வெட்டி சுருட்டி கட்டிட்டேன்.

எதைப் பாத்து செஞ்சேன்னு கேக்குறீங்களா? உடம்புக்கு 1768 ஜூலையில டெப்ட்ஃபர்ட்ல வரைஞ்ச கடற்படை வரைபடம் கிரீனிச் கடல்சார் மியூசியத்துல இருக்கு, அதோட படம். கப்பல்லயே போன ஓவியர் சிட்னி பார்க்கின்சன் போட்ட ஸ்கெட்ச், பாவம் அந்த மனுஷன் திரும்பி வர்ற வழியில 1771-ல செத்துப்போயிட்டார். அப்புறம் குக்கோட நாட்குறிப்பு. எல்லாரும் பண்றது ஆஸ்திரேலியாவுல 1994-ல முடிச்ச ரெப்ளிகா கப்பலோட போட்டோவை பாத்து செய்றது, அது அருமையான கப்பல்தான், ஆனா அதுக்குள்ள டீசல் எஞ்சின் இருக்கு, உடம்பு ஆஸ்திரேலிய ஜாரா மரம், இன்னிக்கு ஆள் ஏத்திக்கிட்டு கடல்ல போகணுமேன்னு பண்ண விட்டுக்கொடுத்தல் எல்லாம் அதுல இருக்கும். போட்டோவை காப்பி அடிச்சா 1768-ஐ இல்ல, 1994-ஐத்தான் காப்பி அடிக்கிறோம்.

நாட்குறிப்புலதான் இந்த மாடலோட உண்மையான 'சேர்த்தது' கிடைச்சுது. பிளைமவுத்துல நின்ன நாட்கள்ல தச்சர்கள் வந்து கேபின் வேலையை முடிச்சதோட சுக்கான் பிடிக்கு மேல ஒரு மேடை போட்டதா குக் எழுதியிருக்கார். ஜூலை வரைபடத்துக்கு அப்புறம் நடந்த வேலை அது. என் தேதிக்கு அது கண்டிப்பா வேணும். அலங்காரம் எதுவும் பண்ணாம சாதா பலகையில தட்டையா ஒரு மேடை செஞ்சு பின் டெக்குல சுக்கான் பிடிக்கு மேல வச்சேன். ஒரு மணி நேர வேலை. பதினாலு மாசத்துல எனக்கு அதிகமா சந்தோஷம் குடுத்தது அந்த ஒரு மணி நேரம்.

சேர்த்த இன்னொண்ணு, ஆடு. ஆமா, கப்பல்ல பாலுக்கு ஒரு வெள்ளாடு இருந்துச்சு, அதுவும் சாதா ஆடு இல்ல, டால்ஃபின்ங்கிற கப்பல்ல ஏற்கனவே ஒரு தடவை உலகத்தை சுத்திட்டு வந்த ஆடு, இதுல ரெண்டாவது ரவுண்டு. 70 செ.மீ. உயரம்னு வச்சா நம்ம ஸ்கேல்ல 12 மி.மீ. புட்டி மாவுல உருட்டி, ஊசியால கால் பிரிச்சு, கொம்புக்கு 0.3 மி.மீ. கம்பி வச்சேன். எங்க நிறுத்துறதுன்னு எனக்கும் அக்கா பையனுக்கும் ரெண்டு நாள் சண்டை, கடைசியில பெரிய பாய்மரத்துக்கு பின்னாடி நிழல்ல நிறுத்தினோம்.

ஃப்ரெண்டு போன வாரம் வந்து பாத்தார். வாசல்லேர்ந்தே "செப்பு எங்கடா?"ன்னார். நான் 1761-லேர்ந்து ஆரம்பிச்சு சொல்ல சொல்ல தலையாட்டிக்கிட்டே கிட்ட வந்து, வடத்தை பாக்கல, மேடையை பாக்கல, நேரா ஆட்டை விரலால தொட்டார். ஒரு கொம்பு டெக்குல எங்கயோ விழுந்துடுச்சு, டார்ச் அடிச்சு இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்.